நகத்தில் கறுப்புக் கோடு: கத்தி பட்டால் பரவிவிடுமா?

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது. 16 வருடமாகச் சர்க்கரை, மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். வலது கால் பெருவிரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு இருக்கிறது. ஒரு வருடத்தில் அகலமாகிவிட்டது. நகம் முளைக்கும் இடத்துத் தோலும் கொஞ்சம் கறுத்திருக்கிறது. பூஞ்சை என்று நினைத்து விட்ஃபீல்ட் களிம்பு, டீ ட்ரீ எண்ணெய், ஃபார்மசியில் கொடுத்த நகப்பூச்சு என்று 5 மாதம் போட்டுப் பார்த்தோம். முகத்தில் சின்னச் சின்னக் கறுப்பு மரு, கழுத்தில் தொங்கு மரு, கழுத்துக் கருமை, கைவிரல் நகங்களில் மெல்லிய கோடுகள் எல்லாமும் உண்டு. கிளினிக்கில் பயாப்சி (சிறு துண்டு எடுத்துச் சோதிப்பது) எடுக்கச் சொல்கிறார்கள். சர்க்கரைக் காலில் கத்தி வைத்துத்தான் எங்கள் மாமாவுக்கு முதலில் விரலும் பிறகு காலும் போயின. கத்தி பட்டால் புற்று பரவும் என்று இணையத்திலும் படித்தோம். ஈஸ்டருக்கு இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலுக்குப் போய் வந்த பிறகு பார்க்கலாம் என்கிறார் அம்மா. காத்திருக்கலாமா?
(வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன்)

பதில்: காத்திருக்க வேண்டாம். இத்தனை விஷயங்கள் எழுதியிருக்கிறீர்கள், அவசரமானது ஒன்றுதான். நகம் முளைக்கும் இடத்துத் தோலும் கறுத்திருக்கிறது என்றீர்களே, அது. மற்றவற்றை முதலில் ஒதுக்கிவிடுகிறேன்.

முகத்தில் இருக்கும் கறுப்பு மரு நம் நிறத்தவர்களுக்கு வயதோடு வருவது, குடும்பத்தில் ஓடுவது. புற்றாக மாறாது. கழுத்தில் தொங்கும் மருவும் அப்படியே. கழுத்துக் கருமை சர்க்கரையோடும் உடல் எடையோடும் சேர்ந்து வருவது. எடை குறைந்தால் அதுவும் குறையும். அதற்கு வெளுப்புக் கிரீம் மட்டும் வாங்கிவிடாதீர்கள். ஹைட்ரோகுவினோன் கலந்த கிரீம்களால் தோலில் நிரந்தரமான நீலக்கருமை படிவதை 1975லேயே எழுதியவர்கள் நம் தென்னாப்பிரிக்க மருத்துவர்கள்தான். 1990லிருந்து அவற்றுக்கு இங்கே தடை இருக்கிறது. இன்னும் மேசைக்கு அடியிலிருந்து எடுத்து விற்கிறார்கள். கைவிரல்களில் பல நகங்களில் மெல்லிய, சீரான கோடுகள் இருப்பதும் கருந்தோலுக்கு இயல்பு. ஆனால் மெட்ஃபார்மினைப் பல வருடம் சாப்பிட்டால் உடம்பில் பி12 சத்து குறையும். பி12 குறைந்தாலும் நகமும் விரல் மூட்டும் கறுக்கும். அதற்கு ஓர் இரத்தப் பரிசோதனை போதும்.

இனி பெருவிரல். பல நகங்களில் கோடு இருப்பது வேறு, ஒரே நகத்தில், அதுவும் கால் பெருவிரலிலோ கைக் கட்டைவிரலிலோ, 50 வயதுக்கு மேல் புதிதாக ஒரு கோடு தோன்றி அகலமாவது வேறு. 3 மி.மீ.க்கு மேல் அகலம், ஓரங்கள் கலங்கியிருப்பது, ஒரே கோட்டுக்குள் பழுப்பும் கறுப்பும் கலந்திருப்பது, நுனியைவிட அடிப்பக்கம் அகலமாக இருப்பது, இவை எல்லாமே சந்தேகக் குறிகள். அடிப்பக்கம் அகலம் என்றால், கோட்டை உண்டாக்கும் இடம் வளர்ந்துகொண்டே இருக்கிறது என்று பொருள். நகத்தைத் தாண்டி அதைச் சுற்றியுள்ள தோலில் கறுப்பு இறங்குவது இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறி. 1886ல் ஜொனாதன் ஹட்சின்சன் என்ற ஆங்கில மருத்துவர் இதை விவரித்தார். இன்றும் ஹட்சின்சன் குறி என்று அவர் பெயரால்தான் சொல்கிறோம். நகத்துக்கு அடியில் மெலனோமா என்ற புற்று இருக்கக்கூடும் என்பதற்கான அடையாளம் அது. இருக்கக்கூடும் என்றுதான் சொல்கிறேன். சாதாரண மச்சத்திலும் எப்போதாவது அப்படி வரும். நகம் முளைக்கும் இடத்து மெல்லிய தோல் கண்ணாடிபோல் இருப்பவர்களுக்கு நகத்தின் கறுப்பே தோல் வழியாகத் தெரிந்து ஏமாற்றுவதும் உண்டு. எது என்று வீட்டில் உட்கார்ந்து யாராலும் சொல்ல முடியாது.

"நமக்குக் கறுப்புத் தோல், தோல் புற்று வராது" என்று சொல்வார்கள். வெயிலால் வரும் புற்று நமக்குக் குறைவு, அது உண்மை. இந்த வகைக்கும் வெயிலுக்கும் அவ்வளவு சம்பந்தமில்லை. கருந்தோல் உள்ளவர்களுக்கு மெலனோமா வந்தால் பெரும்பாலும் பாதத்திலோ உள்ளங்கையிலோ நகத்திலோதான் வருகிறது. அங்கே யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

அடிபட்ட இரத்தக்கட்டாக இருக்குமோ என்று கேட்பீர்கள். இரத்தக்கட்டு நகத்தோடு சேர்ந்து முன்னால் நகரும். பெருவிரல் நகம் மாதம் சுமார் 1.5 மி.மீ. வளர்கிறது. ஆறு எட்டு வாரத்தில் கறுப்புக்குப் பின்னால் 2, 3 மி.மீ. வெள்ளை நகம் தெரியவேண்டும். ஒரு வருடமாக அடியிலிருந்து நுனிவரை விடாமல் ஓடும் கோடு இரத்தம் இல்லை.

பூஞ்சை மருந்தைப் பற்றி எனக்கு வருத்தம் இருக்கிறது. பூஞ்சைதானா என்று நகத்துண்டை ஒரு முறையாவது பரிசோதித்தீர்களா? அந்த நகப்பூச்சைப் போடுவதற்கு முன் நகத்தை அரத்தால் தேய்க்கச் சொல்லியிருப்பார்கள். தேய்த்தால் மேல்தட்டு மெலிந்து, கோடு வெளுத்த மாதிரி தெரியும். மருந்து வேலை செய்கிறது என்று நினைத்து அடுத்த புட்டியும் வாங்கியிருப்பீர்கள். அந்த 5 மாதமும் நகத்தின் வேரில் என்ன நடந்ததோ தெரியாது. இன்றே எல்லாவற்றையும் நிறுத்துங்கள். நகத்தைத் தேய்க்கவோ ஒட்ட வெட்டவோ வேண்டாம். மருதாணியும் நெயில் பாலிஷும் வேண்டாம். மருதாணிக் கறை நகத்திலும் தோலிலும் ஏறி, பார்ப்பவர் கண்ணைக் குழப்பும். பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். கத்தி பட்டால் புற்று பரவாது. மெலனோமாவில் முதலில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்தவர்களையும் முழுதாக எடுத்தவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகள் உண்டு. துண்டு எடுத்ததால் யாருடைய ஆயுளும் குறையவில்லை. முற்றிய பிறகு வருகிறவர்களுக்குப் பயாப்சி எடுக்கும்போதே நோய் உள்ளே போயிருக்கும். சில மாதத்தில் அது வெளியே தெரியும், பழி கத்தியின்மேல் விழும். இணையத்தில் நீங்கள் படித்த கதைகளின் வேர் அதுதான். உங்கள் மாமாவின் காலை எடுத்ததும் கத்தியால் வந்த வினை இல்லை. சர்க்கரையில் இரத்தக்குழாய் அடைத்து, புண்ணுக்கு இரத்தம் போகாமல், கிருமி ஏறித்தான் கால்கள் போகின்றன. அதனால் அம்மாவுக்குக் கேட்க வேண்டியது ஒன்று: விரலுக்கு இரத்தம் ஒழுங்காகப் போகிறதா? பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கமும் துடிப்பைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். துடிப்பு மங்கலாக இருந்தால் கணுக்காலிலும் கையிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவார்கள். துடிப்பு நன்றாக இருந்தால், சர்க்கரை இருக்கிறது என்பதற்காக இந்தப் பயாப்சியைத் தள்ளிப்போட வேண்டாம். மாத்திரையை அவர்களாகச் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம்.

செய்யும் முறையைச் சொன்னால் பாதிப் பயம் போய்விடும். விரலின் அடியில் இரண்டு பக்கமும் லிக்னோகெயின் ஊசி, மொத்தம் 3 முதல் 5 மி.லி. ஊசி போடும் நேரம்தான் சுரீர் என்று வலிக்கும். பத்து நிமிடத்தில் விரல் மரத்துவிடும். இரத்தம் நிற்க விரலடியில் ஒரு ரப்பர் பட்டை போடுவார்கள். இரத்த ஓட்டம் குறைந்த காலில் அதைப் போடாமலே செய்யலாம். போட்டால், முடிந்ததும் கழற்றினார்களா என்று நீங்களும் ஒரு முறை பாருங்கள். பிறகு நகத்தை முழுதாகப் பிடுங்காமல், அடிப்பகுதியை மட்டும் புத்தக அட்டையைத் திறப்பதுபோல் தூக்கி, தோல் மடிப்பை விலக்கி, வேரைக் கண்ணால் பார்த்து, கோடு கிளம்பும் இடத்தில் 1 மி.மீ.க்கும் குறைவான கனத்தில் சீவி எடுப்பார்கள். கறுத்த தோலிலும் ஒரு துண்டு எடுப்பார்கள். நகத்தை மூடி ஓரிரு தையல். அரை மணி, முக்கால் மணி வேலை.

தவறு நடப்பது பெரும்பாலும் எடுக்கும் இடத்தில். கோட்டை உண்டாக்குவது நகத்தின் வேர். அதை விட்டுவிட்டு, கறுப்பாகத் தெரியும் நகத்துக்கு நடுவில் துளை போட்டு எடுத்தால் "ஒன்றுமில்லை" என்று முடிவு வரும். அந்தப் பொய்யான நிம்மதியில் ஒரு வருடம் போய்விடும். நகத்தைப் பிடுங்கிக் குப்பையில் போடுவது இன்னொரு தவறு. எடுத்தது எதுவாக இருந்தாலும் ஃபார்மலின் புட்டியில் ஆய்வகத்துக்குப் போகவேண்டும். லேசர் வைத்தோ கரண்ட் வைத்தோ எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். எரித்த சாம்பலில் நோயைப் படிக்க முடியாது.

மெலனோமா என்றே வந்தாலும் அடுத்தது கால் இல்லை. நோய் மேல்தோலுக்குள்ளேயே இருந்தால், நகம், நகவேர், சுற்றியுள்ள தோல் இவற்றை எலும்புவரை எடுத்து, வேறு இடத்துத் தோலை வைத்து மூடுவார்கள். நகம் திரும்ப முளைக்காது, விரல் இருக்கும். முன்பு இதற்கே விரலை எடுத்துவிடுவார்கள். உள்ளே இறங்கியிருந்தால், எத்தனை மி.மீ. இறங்கியிருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்வார்கள். 1 மி.மீ.க்கு மேல் போயிருந்தால் தொடையிடுக்கில் இருக்கும் நெறியையும் (நிணநீர்க் கணு) பரிசோதிக்க வேண்டிவரும். விரலின் நுனிப் பகுதியை எடுக்கவும் நேரலாம். ஒரு மி.மீ.க்கு இங்கே அவ்வளவு மதிப்பு. அதனால்தான் ஈஸ்டர்வரை பொறுக்க வேண்டாம் என்கிறேன்.

நாளை கிளினிக்குக்குப் போய், தோல் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். "கால் நகத்தில் கறுப்பு" என்று மட்டும் எழுதினால் வரிசையில் பின்னால் போய்விடும். "61 வயது, ஒரே நகத்தில் அகலமாகும் கறுப்புக் கோடு, நகம் முளைக்கும் இடத்துத் தோலிலும் கறுப்பு, நகவேர் பயாப்சி தேவை" என்று எழுதச் சொல்லுங்கள். கடிதத்தில் கோட்டின் அகலம் மி.மீ.யில் இருக்கட்டும். ஆர்.கே. கான் மருத்துவமனைக்குப் போனாலும் கிங் எட்வர்டுக்கு (இப்போது விக்டோரியா ம்க்செங்கே மருத்துவமனை) போனாலும் மெடிக்கல் எய்ட் காப்பீட்டில் தனியாரிடம் போனாலும் இதே வாசகம்தான்.

பயாப்சி முடிந்த முதல் இரண்டு நாள் காலை இடுப்புக்கு மேல் தூக்கி வைத்திருக்கட்டும். வலிக்கு பாரசிட்டமால் போதும். மஞ்சள், வேப்பெண்ணெய் எதுவும் கட்டுக்குள் போகக் கூடாது. மூன்றாம் நாள் வலி குறைவதற்குப் பதில் விண்விண் என்று ஏறினாலோ, சீழ் வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றே காட்டுங்கள். சர்க்கரையில் பாதம் மரத்திருந்தால் வலியே தெரியாது. ஆகவே கட்டு மாற்றும்போதெல்லாம் யாராவது கண்ணால் பார்க்கவேண்டும்.

ஈஸ்டருக்குள் தையல் ஆறவில்லை என்றாலும் அம்மா கோவிலுக்குப் போகலாம். நெருப்பு மிதிக்கவும் வெறுங்காலோடு சுற்றி வரவும் மட்டும் வேண்டாம். வாசலில் செருப்பைக் கழற்றும்போது கட்டின்மேல் சுத்தமான பருத்திக் காலுறை இரண்டு மாட்டிவிடுங்கள். ஈரத் தரையில் நின்று நனைந்தால், வீட்டுக்கு வரும்வரை பொறுக்காமல் காரிலேயே கட்டை மாற்றிவிடுங்கள். பையில் ஒரு புதுக் கட்டு இருக்கட்டும்.