அம்மாவின் நுரையீரல் பங்கசுக்கு ஊசி இல்லையா?

கேள்வி: அம்மாவுக்கு 63 வயது. மூட்டுவாதத்துக்கு நெடுநாளாக ஸ்டீரொயிட் எடுக்கிறா. இப்போது நுரையீரலில் அஸ்பெர்ஜிலஸ் பங்கசு என்று வொரிகொனசோல் என்ற பங்கசு மருந்து கொடுத்திருக்கிறார்கள். கொரோனாவுக்கு ஒரு வருசத்தில் ஊசி வந்ததே, இதற்கு இல்லையா டொக்டர்? (ஒரு மகள், சுன்னாகம்)

பதில்: இல்லை தங்கச்சி. மனிதருக்கென்று அனுமதி பெற்ற பங்கசுத் தடுப்பூசி உலகில் எங்குமே இன்னும் இல்லை.

வெங்காயத் தோலில் கரித்தூள்போல அப்பியிருக்குமே, அதுவும் ஓர் அஸ்பெர்ஜிலஸ்தான். இந்தக் குடும்பத்தின் வித்திகளை நாம் எல்லோரும் தினமும் மூச்சோடு இழுக்கிறோம், ஒன்றும் ஆவதில்லை. கிருமியைப் பிடித்து விழுங்குகிற வெள்ளைக் கலங்கள், அதாவது விழுங்கு கலங்கள், தின்றுவிடும். அவற்றைக் கூப்பிட்டு முடுக்கிவிடுவது ரீ கலங்கள் (T cells) என்ற இன்னொரு வகை வெள்ளைக் கலங்கள், கலியாண வீட்டில் அடுப்படிக்கும் பந்திக்கும் ஓடித்திரிகிற பெரியண்ணை மாதிரி. ஸ்டீரொயிட் இரண்டு பேரையுமே தூங்க வைத்துவிடும். சிக்கல் இங்கேதான்: பங்கசுக்கு எதிரான ஊசி முக்கியமாகப் பழக்க வேண்டியது ரீ கலங்களை, ஆனால் ஊசி மிக அவசியப்படுகிறவர்களிடம் அவைதான் சோர்ந்து கிடக்கின்றன.

முயலாமல் இல்லை. அமெரிக்காவில் பள்ளத்தாக்குக் காய்ச்சல் என்ற பங்கசு நோய்க்கு, கொன்ற கிருமியால் செய்த ஊசியை 1980களில் ஏறக்குறைய 2,900 பேருக்குப் போட்டுப் பார்த்தார்கள், சொல்லத்தக்க பாதுகாப்புக் கிடைக்கவில்லை. பிறகு அதே கிருமியில் ஒரு மரபணுவை நீக்கி, உயிரோடு ஆனால் பலமில்லாமல் ஆக்கிக் கொடுத்தபோது நாய்கள் தப்பின. எனக்கு இதைவிடப் பிடித்தது விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் எலிகளில் கண்டது: பிளாஸ்டோமைசிஸ் என்ற இன்னொரு பங்கசுக்கு ஊசி போட்டபோது, அந்தப் பெரியண்ணை வேலை செய்கிற உதவி ரீ கலங்களே இல்லாத எலிகளில்கூட சீடி8 என்ற மற்ற வகை ரீ கலங்கள் அந்த வேலையை எடுத்துச் செய்தன. அம்மா போன்றவர்களுக்கு ஒருநாள் வழி திறந்தால் இந்தப் பக்கத்தால்தான் திறக்கும் என்பது என் எண்ணம். ஆனால் எலி எலிதான், அதை நம்பி இப்போது காத்திருக்க ஏலாது.

சரி, இப்போது செய்யக்கூடியது. ஸ்டீரொயிட்டை நீங்களாக நிறுத்தவே வேண்டாம், திடீரென நிறுத்துவது ஆபத்து. குறைக்கலாமா என்று மூட்டு டொக்டரிடம் கேளுங்கள். வைக்கோல் உதறுவது, குப்பை எரு கிளறுவது, பழைய வெங்காயம் தட்டுவது எல்லாம் வேறு யாராவது செய்யட்டும். வொரிகொனசோல் எடுக்கிறவர்களுக்கு வெயில் தோலைச் சுடும், குடை இல்லாமல் அனுப்பாதீர்கள். அப்புறம், ஃபுளூ ஊசி போடலாமா என்று கிளினிக்கில் கேளுங்கள், கடும் ஃபுளூவின் பின்னாலும் இதே பங்கசு நுழைவதுண்டு. சளியில் இரத்தம் கண்டால் மட்டும் கிளினிக் திகதி பார்த்துக்கொண்டிருக்காமல் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள்.