மலையகத்துக் குளிரும் முன்பள்ளிக் கைவேலையும்: கேள்வி பதில்

மார்கழி பிறந்தால் முன்பள்ளி ஆசிரியைகளும் தாய்மாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்வியைத்தான்: குளிர்காலத்தில் பிள்ளைகளை வைத்து என்ன செய்யலாம்? இலங்கை மலையகத்தில் தேயிலைத் தோட்டத்து முன்பள்ளியில் நெடுங்காலம் இருந்தவள் என்ற முறையில் என் பதில்களை இங்கே தருகிறேன். மூன்று முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளை மனத்தில் வைத்துச் சொல்பவை இவை. அதைவிடச் சிறிய பிள்ளைகளைப் பற்றி மஸ்கெலியாக் கேள்வியில் தனியாகச் சொல்லியிருக்கிறேன், அதைத் தவறாமல் படியுங்கள்.

ஹட்டன், முன்பள்ளி ஆசிரியை: டீச்சர், ‘குளிர்காலம்’ என்று ஒரு தலைப்பு எடுத்திருக்கிறோம். கிடைக்கிற மாதிரிப் படங்களில் எல்லாம் பனிமனிதனும் வெண்பனி மூடிய வீடும்தான். எங்கள் பிள்ளைகள் அதைக் கண்டதே இல்லை. அதையே செய்ய வைக்கலாமா?

பதில்: செய்ய வைக்கலாம், ஆனால் அதிலிருந்து தொடங்காதீர்கள். காலையில் வாயைத் திறந்தால் ஆவி வருகிறது. லயத்து வரிசை வீடுகளின் கூரைகளில் அடுப்புப் புகை தங்கி நிற்கிறது. எதிர்மலை காணாமல் போய்ப் பத்து மணிக்குத் திரும்பி வருகிறது. பிள்ளைக்குத் தெரிந்த குளிர் இதுதான். இதைச் செய்யச் சொன்னால் கை வேலை செய்யும்போதே வாயும் பேசும். பஞ்சு ஒட்டிய பனிமனிதனைக் கொடுத்தால், காட்டிய இடத்தில் ஒட்டிவிட்டு அடுத்து என்ன என்று உங்கள் முகத்தைப் பார்க்கும்.

முதல் வேலையாக நான் சொல்வது கிழித்து ஒட்டும் மலை. கடும் நீலம், நடு நீலம், வெளிர் நீலம் என்று மூன்று தரத்தில் தாள் வேண்டும். கடையில் கிடைக்காவிட்டால் ஒரே நீலச் சாயத்தில் தண்ணீரைக் கூட்டிக் கூட்டி மூன்றாக்கி, பழைய கொப்பித் தாள்களில் பூசிக் காயவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் அவற்றை மேடு பள்ளமாக நீளவாக்கில் கிழிக்கட்டும். கத்தரிக்கோல் வேண்டாம். இரண்டு கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் எதிரெதிராக இழுக்கும் அந்த வேலைதான் பின்னால் கத்தரிக்கோலுக்கும் பென்சிலுக்கும் பலம் கொடுக்கிறது. வெளிர்ந்த துண்டை மேலே, கடும் நிறத்தைக் கீழே ஒட்டச் சொல்லுங்கள். தூரத்து மலை ஏன் வெளிறித் தெரிகிறது என்று யாராவது கேட்டால், இடையில் காற்றும் மூடுபனியும் அதிகம் என்று சொன்னால் போதும். கடைசியாக வெள்ளை டிசூ தாளைக் கிழித்து மேல் விளிம்பில் மட்டும் பசை தடவி ஒட்டுங்கள். பிள்ளை அதைத் தூக்கினால் மலை வரும், விட்டால் மறையும். ஒட்டி முடித்த பிறகும் அதை வைத்து விளையாடுவார்கள், பாருங்கள்.

நுவரெலியா, ஒரு தாய்: தை மாதத்தில் ஒரு நாள் புல்லெல்லாம் வெள்ளையாக இருந்ததை மகன் பார்த்துவிட்டான். நாலரை வயது. வீட்டிலும் அது வேண்டும் என்று அடம்பிடிக்கிறான். என்ன செய்வது?

பதில்: கொடுத்துவைத்த பிள்ளை. துகள் உறைபனி ஊரில் எல்லா இடத்திலும் எல்லா ஆண்டும் விழுவதில்லை. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. மேகமும் காற்றும் இல்லாத இரவில் நிலம் தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிடும். ஆளுயரத்தில் வெப்பநிலை பூச்சியத்துக்கு இரண்டு மூன்று பாகை மேலே இருக்கும்போதே புல்நுனி உறைந்துவிடுகிறது. குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்குவதால் பள்ளத்துப் புல்தான் முதலில் வெளுக்கும். மகனுக்கு அழகாகத் தெரிந்த அதே பனிதான் கொழுந்தையும் உருளைக்கிழங்குச் செடியையும் கருக்குகிறது. தோட்டத்துப் பிள்ளைகள் அதையும் அறிந்துதான் வளர்கிறார்கள்.

வீட்டில் செய்ய எப்சம் உப்பு வாங்குங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும். அரைக் கோப்பை கொதிநீரில் அரைக் கோப்பை எப்சம் உப்பை நீங்கள் கரைத்து, வெதுவெதுப்பாகும் வரை ஆறவிடுங்கள். மகன் கறுப்புத் தாளில் பேஸ்டலால் புல்லும் தேயிலைச் செடியும் வரையட்டும். அதன் மேல் தூரிகையால் இந்தக் கரைசலை நன்றாக ஈரமாகப் பூசச் சொல்லுங்கள். வெயில் படும் யன்னலோரத்தில் காயும்போது ஊசி ஊசியாகப் படிகம் விரியும். அந்த ஊசிகள் உறைபனியின் சாயலிலேயே இருக்கும். சமையல் உப்பிலும் செய்யலாம், ஆனால் அது சிறு சிறு சதுரப் பொடியாகத்தான் நிற்கும். ஒன்று கவனியுங்கள்: எப்சம் உப்பு வயிற்றைக் கழிய வைக்கும். விரலை நக்கும் பழக்கமுள்ள பிள்ளையானால் சமையல் உப்போடு நிறுத்திக்கொண்டு, அதையும் அள்ளித் தின்னாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, காலை எட்டு மணிக்கு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். விரல் விறைத்த பிள்ளைக்குத் தூரிகை பிடிக்க வராது, வராததால் அழும். வெயில் ஏறட்டும்.

பண்டாரவளை, முன்பள்ளி ஆசிரியை: எங்களுக்கு எதுவுமே காய்வதில்லை. உப்பு மாவில் நட்சத்திரம் செய்தோம். ஒரு வாரத்தில் கொழகொழத்துவிட்டது. ஒட்டிய படங்களிலும் பூஞ்சணம்.

பதில்: ஹட்டன்காரர்களைப் பார்த்து நீங்கள் செய்யக் கூடாது. மார்கழி, தையில் வடகீழ்ப் பருவக்காற்று மழை பதுளை, பண்டாரவளைப் பக்கத்துச் சரிவில்தான் கொட்டுகிறது. அதே நாட்களில் ஹட்டன் இருக்கும் மேற்குச் சரிவில் இரவு பனி, பகல் வெயில். உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் பொருள். உப்பு மாவை வெதுப்பியில் நன்றாக உலர்த்தி வர்ணம் பூசினால்தான் ஓரளவு நிற்கும். அந்த வசதி எத்தனை முன்பள்ளியில் இருக்கிறது?

உங்களுக்கு அப்பச்சோடா மாவுதான் சரி. அப்பச்சோடா இரண்டு கோப்பை, சோளமா ஒரு கோப்பை, தண்ணீர் ஒன்றேகால் கோப்பை. மூன்றையும் சட்டியில் கலந்து சிறு நெருப்பில் வைத்து விடாமல் கிளறுங்கள். மசித்த உருளைக்கிழங்குப் பதத்துக்குத் திரண்டதும் இறக்கி, ஈரத்துணியால் மூடி ஆறவிட்டுப் பிசைந்து பிள்ளைகளிடம் கொடுங்கள். வெள்ளை வெளேர் என்று இருக்கும். மெல்லியதாகத் தட்டி, கிளாஸ் விளிம்பால் வட்டம் வெட்டி, அதில் தேயிலையோ பன்ன (பெரணி) இலையோ வைத்து அழுத்தி எடுத்தால் நரம்பு நரம்பாகப் பதியும். நூல் கோக்க ஈர்க்கால் ஒரு துளை. அடுப்படிக்கு மேல் தட்டில் வைத்து, இடையில் புரட்டிவிட்டால் இரண்டு நாளில் இறுகும். கனமாகச் செய்தால் வெடிக்கும்.

பூஞ்சணத்துக்குக் காரணம் மாப்பசை. கோதுமை மா அரைக் கோப்பையை அதே அளவு பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் ஒன்றரைக் கோப்பை தண்ணீரில் ஊற்றிக் கண்ணாடிப் பதம் வரும்வரை கிளறி, இறக்கும்போது ஒரு தேக்கரண்டி வினாகிரி சேருங்கள். மெல்லப் பூசுங்கள். மழை வாரங்களில் கடையில் விற்கும் வெள்ளைப் பசையான பைண்டர் கம்தான் நல்லது.

காயவே வேண்டாத ஒரு வேலையும் இருக்கிறது. பைன் காட்டில் விழுந்து கிடக்கும் காய்களைப் பொறுக்கி வாருங்கள் (காலில் அட்டை பார்த்துக்கொள்ளுங்கள்). ஈரத்தில் அந்தக் காயின் செதில்கள் மூடிக்கொள்ளும், உலர்ந்தால் விரியும். செதிலின் வெளிப்புறமும் உட்புறமும் ஈரத்தை ஒரே அளவில் இழுக்காததுதான் காரணம். காயில் இரண்டு கண்ணும் ஒரு மூக்கும் ஒட்டி ஆந்தையாக்கி யன்னலில் தொங்கவிடுங்கள். மழை நாளில் ஆந்தை ஒடுங்கும், வெயில் நாளில் சிலிர்க்கும். உங்கள் ஊர் மழையில் அதிகம் ஒடுங்கித்தான் இருக்கும். அடுப்படியில் ஓர் இரவு வைத்து எடுத்துப் பிள்ளைகளுக்கு வேறுபாட்டைக் காட்டுங்கள்.

மஸ்கெலியா, பிள்ளை மடுவப் (தோட்டத்துக் குழந்தைகள் காப்பகம்) பொறுப்பாளர்: கைவேலைக்கென்று எங்களுக்குப் பணம் ஒதுக்குவதில்லை. இரண்டு வயதுப் பிள்ளையும் ஐந்து வயதுப் பிள்ளையும் ஒரே அறையில். எதை வைத்துச் செய்வது?

பதில்: பால்மா பக்கெட்டின் உட்புறம் வெள்ளி. எல்லா வீட்டிலும் தூக்கி எறிகிறார்கள். தாய்மாரிடம் சொல்லிவைத்துச் சேருங்கள். சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்தால் பால் நாற்றமும் எறும்பும் வராது. கவ்வாத்து வெட்டிய (தேயிலைச் செடியின் கிளை நறுக்கிய) மலையில் காய்ந்த தேயிலைக் குச்சி வேண்டிய மட்டும் கிடைக்கும். ஒரு குச்சியைத் தகரப் பேணியில் மண்ணிட்டு நட்டு, வெள்ளித் துண்டுகளைக் கிளை கிளையாகச் செருகினால் உறைபனி பிடித்த செடி. மருந்தடித்த மலையில் மட்டும் எதையும் பொறுக்க வேண்டாம். நிழல் மரமாக நிற்கும் கிரெவில்லியாவின் உதிர்ந்த இலைக்கும் அடிப்புறம் வெள்ளி நிறம்தான். கவிழ்த்து ஒட்டினால் வர்ணமே வேண்டாம்.

பழைய சுவெட்டரைப் பிரித்த நூல் இன்னொரு சொத்து. அட்டையைச் சுவெட்டர் வடிவில் வெட்டிக் கொடுத்து, பிள்ளைகளைக் குறுக்கே சுற்றச் சொல்லுங்கள். இரண்டு வயதுப் பிள்ளைகளிடம் நீள நூலைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பாதீர்கள், கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

உங்கள் அறையில் கலந்த வயது இருப்பதால் இதைக் கண்டிப்பாகச் சொல்கிறேன். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை இருக்கும் இடத்தில் பருப்பு, கடலை, பொத்தான், மணி எதுவும் மேசையில் இருக்கக் கூடாது. கழிவறைத் தாள் சுற்றி வரும் அட்டைக் குழலுக்குள் போகிற எதுவும் பிள்ளையின் தொண்டையிலும் சிக்கும். குன்றிமணி எந்த வயதுக்கும் வேண்டாம். சிவப்பும் கறுப்பும் கண்ணைப் பறிக்கும், ஆனால் ஓடு உடைந்து உள்ளே போனால் உயிருக்கே ஆபத்து. நம் மலைகளில் ஓடையோரம் தலைகீழாகத் தொங்கும் பெரிய ஊமத்தைப் பூவும் அப்படியே. நத்தார் மணிபோல இருக்கிறதென்று பறித்து வந்து கட்டுகிறார்கள். அந்தச் செடி முழுவதும் நஞ்சு.

தலவாக்கலை, ஒரு தந்தை: மகளுக்கு மூன்றரை வயது. பனித்துகள் வடிவம் வெட்டிவரச் சொல்லியிருக்கிறார்கள். கத்தரிக்கோல் நகரவே இல்லை. பழக்கம் போதாது என்கிறார் ஆசிரியை.

பதில்: பழக்கம் அல்ல தம்பி, தாளின் கனம். கொப்பித் தாளை நாலைந்து தடவை மடித்தால் பெரியவருக்கே கை வலிக்கும். மூன்றரை வயதில் ஓரத்தில் நறுக் நறுக்கென்று வெட்டினாலே போதும். நீங்கள் டிசூ தாளில் ஒரு வட்டம் வெட்டி, அதைப் பாதியாக மடித்து, அந்த அரைவட்டத்தை மூன்றாக மடியுங்கள். ஓரங்களில் மகள் நறுக்கட்டும். விரித்தால் ஆறு கை இருக்கும்.

நான்காகவோ எட்டாகவோ மடிக்காமல் இப்படி ஆறாக மடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உறையும்போது தண்ணீரின் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கிக்கொள்வதால் உண்மையான பனித்துகளுக்கு ஆறு பக்கம்தான். அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில் வில்சன் பென்ட்லி என்ற விவசாயி 1885 ஜனவரி 15 அன்று நுண்காட்டியோடு கமராவைப் பொருத்தித் தனிப் பனித்துகள் ஒன்றை முதன்முதலாகப் படமெடுத்தார். பிறகு வாழ்நாளில் 5,000க்கு மேல் எடுத்தார். அந்தப் படங்கள் இணையத்தில் இருக்கின்றன. மகளுக்குக் காட்டிவிட்டு வெட்டக் கொடுங்கள். எட்டுக் கைப் பனித்துகளை அச்சடித்து ஒட்டியிருக்கும் முன்பள்ளிச் சுவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வரும்.

இராகலை, ஒரு தாய்: நத்தார்க் குடிலுக்குப் பஞ்சைப் பனியாகப் பரப்பி நடுவில் மெழுகுதிரி வைக்கலாமா?

பதில்: கூடாது. பஞ்சு ஒரு நொடியில் பற்றும். மின்கலத்தில் எரியும் சிறு விளக்கு வையுங்கள். ரெஜிபோமை (பொதி கட்டும் வெள்ளை நுரை அட்டையை) உதிர்த்துப் போடுவதும் வேண்டாம். அது மூக்குக்குள் போகும், கூட்டி முடியாது, வடிகானில் போய்ச் சேரும்.

கொட்டகலை, முன்பள்ளி ஆசிரியை: கண்காட்சிக்குப் பெற்றோர் வருகிறார்கள். பிள்ளைகள் செய்ததை அப்படியே வைத்தால் ‘இதுதானா?’ என்கிறார்கள். நாங்கள் கொஞ்சம் திருத்தி வைத்தால் என்ன?

பதில்: திருத்தினால் அது உங்கள் கண்காட்சி. இருபது ஆந்தையும் ஒரே அச்சாக இருந்தால் எந்தத் தாயும் தன் பிள்ளையுடையதைப் பெயரைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொன்றின் கீழும் பிள்ளை அதைப் பற்றிச் சொன்னதை அதன் வார்த்தையிலேயே எழுதி ஒட்டுங்கள். ‘இது எங்கள் அப்பாயி போர்வைக்குள்ளே’ என்று எழுதியிருந்தால், வெறும் சாம்பல் நிறக் கிறுக்கலின் முன்னாலும் பெற்றோர் நிற்பார்கள்.

ஹப்புத்தளை, ஒரு பாட்டி: பேத்தி கனடாவில் இருக்கிறாள், நாலு வயது. அங்கே முற்றத்துப் பனியைக் காட்டுகிறாள். எங்கள் ஊர்க் குளிரை அவளுக்கு எப்படி அனுப்புவது? தேயிலையைக் காயவைத்து ஒட்டி அனுப்பலாமா?

பதில்: இலையை அனுப்பாதீர்கள் அம்மா. செடி, இலை, விதைக்கெல்லாம் வெளிநாட்டுச் சுங்கத்தில் கட்டுப்பாடு உண்டு, கடிதமே நின்றுபோகும். இலையின் உருவத்தை அனுப்புங்கள். கொழுந்து வேண்டாம், அடியில் முற்றிய தடித்த இலையாகப் பறித்து, நரம்பு மேலே இருக்கும்படி கவிழ்த்து வைத்து, மெல்லிய தாளை மேலே போட்டு, உறை உரித்த பேஸ்டலைப் படுக்கவைத்துத் தேயுங்கள். நரம்பும் ஓரத்துப் பல்லும் அப்படியே எழும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்களுக்கும் பொழுது போகும். கடிதத்தில் வெறும் தாள் ஒன்றும் வைத்து, அவள் ஊர் மேப்பிள் இலையை இதே மாதிரித் தேய்த்து அனுப்பச் சொல்லுங்கள். மார்கழியில் அங்கே மரங்கள் மொட்டையாக இருக்கும், இலை பனிக்கடியில் கிடக்கும். ஆகவே பதில் வர இலைகள் துளிர்க்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.