கிரகோவாவுக்குப் பின் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளி நாட்கள் முதல் எக்ஸ்-மென் காமிக்ஸ் படித்து வருகிறேன். 2019-இல், பிறவியிலேயே அபூர்வ ஆற்றல் கொண்ட மியூட்டன்ட்கள் ஒரு தீவைத் தங்கள் நாடாக்கிக்கொள்ளும் கிரகோவா கட்டம் தொடங்கியபோது மற்றவர்களைப் போலவே நானும் உற்சாகம் அடைந்தேன். ஆனால் இறந்தவர்கள் எல்லாம் முட்டைக்குள்ளிருந்து எழுந்து வரத் தொடங்கிய பிறகு, எந்தச் சண்டையிலும் எனக்குப் பதைப்பு ஏற்படவில்லை. யார் செத்தாலும் அடுத்த இதழில் வந்துவிடுவார் என்றால் எதற்காகக் கவலைப்பட வேண்டும்? அதையும் பொறுத்துக்கொண்டு படித்தேன். 2024-இல் அந்தத் தீவையே கதையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இப்போது சைக்ளாப்ஸ் அலாஸ்காவில் ஒரு குழுவை நடத்துகிறான், ரோக் லூயிசியானாவில் இன்னொரு குழுவோடு இருக்கிறாள், எக்ஸ்-மென்னை நிறுவிய சேவியர் சிறையில் கிடந்து தப்பி விண்வெளிக்குப் போய்விட்டார். ஐந்தாண்டுக் கதை துடைத்தெறியப்பட்டதாகவே உணர்கிறேன். நண்பர்களுக்குள் இதைப் பற்றி ஓயாத விவாதம். பழையபடி ஆனதே நல்லது என்கிறார்கள் சிலர். ஏமாற்றப்பட்டோம் என்கிறார்கள் சிலர். நான் இரண்டாவது கட்சி.

இன்னொன்று. என் அக்கா மகள் எக்ஸ்-மென் படிக்க ஆசைப்படுகிறாள். எங்கிருந்து தொடங்கச் சொல்வது?

அன்புடன்,
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் இருக்கின்றன. உயிர்ப்பித்தலால் மரணம் மதிப்பிழந்தது என்பது ஒன்று. ஐந்தாண்டுக் கதை துடைத்தெறியப்பட்டது என்பது மற்றொன்று. முதலாவதை நான் முற்றிலும் மறுக்கிறேன். இரண்டாவதில் பாதியை ஏற்கிறேன்.

சூப்பர்ஹீரோ காமிக்ஸில் மரணம் மதிப்பிழந்து பல காலம் ஆயிற்று. ஜீன் கிரேயை எடுத்துக்கொள்ளுங்கள். 1980-இல் வந்த எக்ஸ்-மென் 137-ஆம் இதழில் அவள் நிலவில் உயிர் துறக்கிறாள். ஐநூறு கோடிப் பேர் வாழ்ந்த ஒரு கோளை அழித்தவள் தண்டனையின்றித் தப்பக் கூடாது என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் வற்புறுத்தியதால், எழுத்தாளர் கிறிஸ் கிளேர்மான்டும் ஓவியர் ஜான் பைர்னும் தாங்கள் முடித்து வைத்திருந்த இறுதிப் பகுதியை மாற்றி அமைத்த கதை அது. செய்த பிழைக்கு உயிரையே விலையாகக் கொடுக்கும் அந்த முடிவு வாசகர்களை உலுக்கியது. 1986-இல் ஜீன் திரும்பி வந்தாள். எப்படி வந்தாள் என்பதுதான் முக்கியம். நிலவில் இறந்தது ஜீன் அல்ல, அவளுடைய உருவை எடுத்துக்கொண்ட பீனிக்ஸ் என்ற விண்வெளிச் சக்தி என்றும், உண்மையான ஜீன் அதுவரை ஜமைக்கா விரிகுடாவின் அடியில் ஒரு கூட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்தாள் என்றும் சொன்னார்கள். அதாவது, பிழையைச் செய்தவளும் அவள் இல்லை, விலை கொடுத்தவளும் அவள் இல்லை. நாம் அழுத மரணமே நடக்கவில்லை என்று ஆயிற்று. அதன் பிறகு இந்த வகைக் கதைகளில் வந்த திரும்புதல்களில் பெரும்பாலானவை ஏதோ ஒரு வகையில் இதே உத்தியைத்தான் பின்பற்றின.

கிரகோவா கட்டத்தைத் தொடங்கிவைத்த எழுத்தாளர் ஜோனதன் ஹிக்மன் 2019-இல் இந்தப் பழக்கத்தை வெளிப்படையாக எடுத்துக் கதைக்குள் ஒரு நாட்டின் சட்டமாக வைத்தார். ஹவுஸ் ஆஃப் எக்ஸ் நான்காம் இதழை மறுபடி எடுத்துப் பாருங்கள். மியூட்டன்ட்களை வேட்டையாடும் இயந்திரங்களுக்கு மூலமான மதர் மோல்ட் சூரியனுக்கு அருகே மிதக்கிறது. அதை அழிக்கச் சென்ற குழுவில் ஒவ்வொருவராக விழுகிறார்கள். கடைசிப் பிணைப்பை அறுக்க யாராவது வெளியே போக வேண்டும். போனால் திரும்ப முடியாது. மரணத்துக்கு அப்பால் என்ன இருக்கும் என்று நைட்கிராலர் எனப்படும் கர்ட்டும் வுல்வரின் எனப்படும் லோகனும் சில வார்த்தைகள் பேசிக்கொள்கிறார்கள். பிறகு கர்ட் லோகனை அந்த வெம்மைக்குள் கொண்டு சேர்க்கிறான். சேர்த்த கணத்திலேயே எரிந்துபோகிறான். லோகன் தசை கருகக் கருக அந்தப் பிணைப்பை வெட்டுகிறான். ஐந்தாம் இதழில் இருவரும் முட்டைக்குள்ளிருந்து எழுந்து வருகிறார்கள். இங்கே ‘அவர்கள் சாகவே இல்லை’ என்று யாரும் சொல்லவில்லை. செத்தார்கள், எரிந்தார்கள், சாம்பலும் மிஞ்சவில்லை. எழுந்து வந்திருப்பவர்கள் யார் என்பதே கேள்வி.

அந்த உயிர்ப்பிக்கும் முறையையும் கவனியுங்கள். 2013-இல் அறிமுகமானபோது பொன்னிறப் பந்துகளை வீசுவதைத் தவிர வேறொன்றும் தெரியாதவனாக, வேடிக்கைப் பாத்திரமாக இருந்த ஃபாபியோ மெடினாவின் பந்துகள்தாம் உண்மையில் முட்டைகள் என்று ஆகிறது. புரோட்டியஸ் அவற்றை உயிர் தாங்கத் தக்கவையாக மாற்றுகிறான், எலிக்ஸர் உயிரைத் தூண்டுகிறான், டெம்பஸ் உடலை வேண்டிய வயதுக்கு வளர்க்கிறாள், ஹோப் சம்மர்ஸ் நால்வரின் ஆற்றலையும் பெருக்கி ஒன்றிணைக்கிறாள். கடைசியில் சேவியர், மனங்களைத் தொடும் தன் கருவியான செரிப்ரோவில் சேமித்து வைத்திருக்கும் மனத்தின் பிரதியை அந்த உடலுக்குள் செலுத்துகிறார். கூடுவிட்டுக் கூடு பாய்ந்தவன் பழைய ஆள்தான் என்பதில் நமக்கு ஐயம் இல்லை. உயிர் ஒன்றே, உடல்தான் வேறு. இங்கே பாய்ந்து வந்த உயிர் எதுவும் இல்லை. உடலும் புதிது, மனம் ஒரு நகல். பிரதி எடுக்கப்பட்டதற்கும் இறந்ததற்கும் இடைப்பட்ட நாட்களில் அவர்கள் வாழ்ந்தது, கண்டது, சொன்னது எதுவும் எழுந்து வருபவருக்குத் தெரியாது. சூரியனுக்கு அருகே கர்ட்டும் லோகனும் பேசிக்கொண்டது உலகத்தில் நமக்கு மட்டுமே தெரியும், பேசியவர்களுக்கே தெரியாது. எனக்கு இதில் பதைப்பு குறையவில்லை, கூடியது.

இந்தக் கேள்வியைக் கதை மிக நெருக்கமாகத் தொட்ட இடம் 2020-இல் வந்த எக்ஸ்-மென் ஏழாம் இதழ். 2005-இல் வந்த கதையில் ஸ்கார்லெட் விட்ச் எனப்படும் வாண்டாவின் சொல்லால் லட்சக்கணக்கான மியூட்டன்ட்கள் ஆற்றல் இழந்தார்கள் அல்லவா? அவர்கள் இறந்து மீண்டும் பிறந்தால் ஆற்றல் திரும்பிவிடும். ஆனால் தாமாக உயிரை மாய்த்துக்கொள்ள அனுமதி இல்லை. ஆகவே கிரகோவா ஒரு சடங்கை வகுக்கிறது. அதன் பெயர் குருசிபிள். ஊரே கூடியிருக்கும் களத்தில் ஆற்றலற்றவர், மிகப் பழைய மியூட்டன்ட்டான அபோகாலிப்ஸுடன் வாளேந்திப் பொருதி உயிர்விட வேண்டும். மெலடி குத்ரி என்ற பெண் களத்தில் நிற்கிறாள். ஒரு காலத்தில் வானில் பறந்தவள். வெட்டுப்பட்டு விழுகிறாள், எழுகிறாள், மறுபடி விழுகிறாள், மறுபடி எழுகிறாள். தோற்பதற்காகவே வந்தவள், எளிதில் தோற்கக் கூடாது என்பது விதி. முடிவில் அவன் அவளைக் கொல்கிறான். அவள் மறுபிறப்பெடுத்துப் பறக்கிறாள். அன்று கர்ட்டும் சைக்ளாப்ஸான ஸ்காட்டும் இதைப் பற்றிப் பேசுகிறார்கள். கர்ட் கத்தோலிக்க நம்பிக்கை உள்ளவன். ஆன்மா என்று ஒன்று இருந்தால் இந்த முட்டைகளுக்குள் வருவது என்ன என்று அவனுக்குப் புரியவில்லை. அந்தக் களத்தில் நடந்ததைக் கண்டிக்கவும் முடியவில்லை, ஏற்கவும் முடியவில்லை. மியூட்டன்ட்களுக்கென ஒரு மதத்தையே தொடங்க வேண்டியிருக்கும் என்ற எண்ணத்துக்கு வந்து சேர்கிறான். மரணம் மதிப்பிழந்த கதையில் இப்படி ஒரு காட்சியை எழுத முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

உயிர்ப்பிக்கும் ஆற்றல் ஒரு நாட்டின் கையில் இருக்கும்போது அது அதிகாரமாகவும் மாறிவிடுகிறது. மிஸ்டீக் தன் துணைவி டெஸ்டினியைத் திரும்பக் கேட்கிறாள். 1989-இல் இறந்தவள் அவள். மற்ற எல்லோரும் எழுந்து வரும்போது எதிர்காலம் காண்பவர்களை மட்டும் உயிர்ப்பிக்கக் கூடாது என்று, இறந்தால் முந்தைய நினைவுகளோடு மறுபடி பிறக்கும் மொய்ரா தடுக்கிறாள். முந்தைய ஒரு பிறவியில் டெஸ்டினி தன்னை எரித்துக் கொல்லச் செய்ததை அவள் மறக்கவில்லை. சேவியரும் மேக்னீட்டோவும் மிஸ்டீக்கிடம் வேலை வாங்கிக்கொண்டே தவணை சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். 2021-இல் வந்த இன்ஃபெர்னோ இதன் விளைவைச் சொல்வது. யார் எழலாம், யார் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு சிறு கூட்டம் முடிவு செய்யும் நாடு எத்தனை அழகாக இருந்தாலும் உள்ளே விரிசல் கண்டிருக்கும் என்பதை ஹிக்மன் தொடக்கத்திலேயே வைத்துவிட்டிருந்தார்.

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. முடிவு அவசரமாக எழுதப்பட்டது என்றால் ஒப்புக்கொள்கிறேன். ஹிக்மன் மூன்று கட்டங்களாகத் திட்டமிட்டிருந்தார். உடன் எழுதியவர்கள் முதல் கட்டத்திலேயே இன்னும் சில காலம் தங்க விரும்பியதால் விலகிக்கொண்டார். அவர் விலகியதை நான் குறையாகச் சொல்லவில்லை. இம்மார்ட்டல் எக்ஸ்-மென்னில் கீரன் கில்லன் கிரகோவாவின் ஆட்சி மன்றத்தை உறுப்பினர் ஒவ்வொருவரின் குரலிலும் சொல்லிச் சென்ற விதம் முதல் கட்டத்துக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. குறை பிறகு வந்தது. 2023 கோடையின் ஹெல்ஃபயர் விருந்தில் மியூட்டன்ட்களின் பகை அமைப்பான ஆர்க்கிஸ் நடத்திய படுகொலையிலிருந்து 2024 ஜூனில் வந்த எக்ஸ்-மென் 35-ஆம் இதழ் வரை, ஒரு நாடு அழிந்ததன் துயரத்தை உணர இடமே கொடுக்காமல் போர், பதில் போர், காலப் பயணம் என்று ஓடினார்கள். தீவு தன்னோடு வர விரும்பியவர்களை அழைத்துக்கொண்டு வேறொரு தளத்துக்குப் போகிறது. மற்றவர்கள் பூமியில் தங்குகிறார்கள். தங்கியவர்கள் ஏன் தங்கினார்கள் என்பதற்கே ஒரு முழு இதழ் வேண்டும். சில பக்கங்களே கிடைத்தன. அடுத்த மாதமே புதிய முதல் இதழ் கடைக்கு வந்துவிட்டது. நீங்கள் ஏமாற்றமடைந்ததில் வியப்பில்லை. எனக்கும் அந்தக் கோடை கசப்பாகவே இருந்தது.

ஆனால் துடைத்தெறியப்பட்டது என்ற சொல்லை ஏற்க மாட்டேன். இத்தகைய நெடுந்தொடர்களில் எதுவும் முழுமையாகத் துடைக்கப்படுவதில்லை. 1975-இல் லென் வீனும் டேவ் காக்ரமும் கிரகோவாவை அறிமுகம் செய்தபோது அது பழைய குழுவை விழுங்கிய கொடிய தீவு. அந்தப் பகைவன் 2019-இல் தாயகம் ஆனான். ஆகவே நான் பார்ப்பது தீவு இருக்கிறதா என்பதை அல்ல, தீவு எழுப்பிய கேள்வி இருக்கிறதா என்பதை.

அது இருக்கிறது. 2024-இல் தொடங்கிய, ஜெட் மெக்கே எழுதும் எக்ஸ்-மென்னில் பீஸ்ட் எனப்படும் ஹாங்க் மெக்காயைப் பாருங்கள். கிரகோவா நாட்களில் ஹாங்க் உளவுப் பிரிவின் தலைவனாக இருந்து, டெர்ரா வெர்டே நாட்டு மக்கள் மீது தாவரத் தொழில்நுட்பத்தை ஏவி, படிப்படியாகக் கொடுங்கோலனாகவே மாறினான். அந்த ஹாங்க் இறந்துவிட்டான். இப்போது அலாஸ்காவில் இருப்பவன் மிகப் பழைய நினைவுப் பிரதியிலிருந்து உயிர்ப்பிக்கப்பட்டவன். அவெஞ்சர்ஸ் குழுவில் இருந்த நாட்களின் உற்சாகமான, நல்ல மனம் கொண்ட ஹாங்க். தன் பெயரால் நடந்த கொடுமைகளை அவன் பிறர் சொல்லி அறிகிறான். செய்யாத குற்றம்தான், ஆனால் செய்தவனும் அவனே. 1986-இல் ஜீனை விடுவிக்கக் கையாண்ட அதே சூழல் இது. அன்று ‘அது அவள் இல்லை’ என்று சொல்லிக் கோப்பை மூடினார்கள். இன்று ஹாங்க்கிற்கு அந்த வழி இல்லை. தன்னால் அப்படி ஆக முடியும் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. ஆய்வுக்கூடத்தில் ஏதாவது ஒரு குறுக்குவழி கண்ணில் படும்போதெல்லாம், அந்த இன்னொருவனும் இப்படித்தான் தொடங்கியிருப்பான் என்ற அச்சம் அவனுக்கு வராமல் இருக்காது. நாற்பதாண்டுகளில் இந்தத் தொடர் அடைந்திருக்கும் முதிர்ச்சி இது என்று நினைக்கிறேன். கிரகோவா இல்லாமல் இது நடந்திருக்காது.

டக் ராம்ஸியும் அப்படித்தான். தீவின் மொழியை உலகுக்குப் பெயர்த்துச் சொன்ன இளைஞன் அவன். அபோகாலிப்ஸின் வாரிசாக ஆன பிறகு, 2025 அக்டோபரில் தொடங்கி மூன்று மாதங்கள் நடந்த ஏஜ் ஆஃப் ரெவலேஷனில், தன் சொல்லுக்கு எவரும் பணிந்தே ஆக வேண்டும் என்ற ஆற்றலோடு பத்தாண்டுகளுக்குப் பிந்தைய உலகை ஆள்பவனாக வருகிறான். அந்த நிகழ்வில் எனக்குக் குறைகள் உண்டு. தேவையில்லாத கிளை இதழ்கள் மிக அதிகம். எனினும், எல்லோருடைய குரலையும் கேட்கத் தெரிந்திருந்த ஒருவன் தன் குரலை மட்டுமே கேட்க வைப்பவனாக மாறுவது கிரகோவாவின் ஆட்சி மன்றத்தில் விதைக்கப்பட்டது.

இதற்கு மாறாக, சேவியரைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. 2025 மார்ச்சில் அவர் சிறையிலிருந்து தப்பும் கதையைப் பல தொடர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். இறந்த ஒவ்வொருவரின் மனத்தையும் கையில் வைத்திருந்த மனிதர் அவர். அந்தப் பொறுப்பை அவரிடம் கேட்க வேண்டிய இடத்தில், துரத்தலும் மோதலுமாக நடத்தி விண்வெளிக்கு அனுப்பிவிட்டார்கள். ஹாங்க்கிற்குக் காட்டிய பொறுமையில் பாதியைச் சேவியருக்குக் காட்டியிருக்கலாம்.

உங்கள் அக்கா மகளுக்கு: ஹவுஸ் ஆஃப் எக்ஸ், பவர்ஸ் ஆஃப் எக்ஸ் இரண்டுக்கும் ஆறாறு இதழ்கள். தனித்தனியாகப் படிக்க வேண்டாம். வெளிவந்த வரிசையிலேயே இரண்டையும் கலந்து தரும் தொகுப்பு நூல் இருக்கிறது. முன்கதை தெரிந்திருக்க வேண்டியதில்லை. தெரியாத பெயர்கள் வரும்போது நிற்காமல் போகச் சொல்லுங்கள். அடுத்து, ஹிக்மனின் எக்ஸ்-மென்னில் நான் சொன்ன ஏழாம் இதழ் அடங்கிய பகுதி, பிறகு இன்ஃபெர்னோ. பிடித்திருந்தால் இம்மார்ட்டல் எக்ஸ்-மென். 2023-க்குப் பிந்தைய போர்களை அவள் தாண்டிவிட்டு நேராக மெக்கேயின் முதல் இதழுக்கு வரலாம். இடையில் நடந்ததை நீங்களே அரைமணி நேரத்தில் சொல்லிவிடுவீர்கள். அவள் ஐந்தாம் இதழின் முட்டைகளைப் பார்த்துவிட்டு என்ன சொன்னாள் என்பதை அறிய ஆவலாக இருக்கிறேன். எழுதுங்கள்.

அன்புடன்.