டெர்மினலிலிருந்தே யூஸ்நெட் படிப்பது எப்படி?

மவுஸைத் தொடாமல், டெர்மினல் என்ற கறுப்புத் திரையிலேயே யூஸ்நெட் (இணையத்தின் பழைய விவாதக் குழுக்களின் வலை) குழுக்களைப் படிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக முடியும். 1984-இல் நிரலாளர் லேரி வால் எழுதிய ‘ஆர்என்’ (rn) தொடங்கி இதற்கென்றே எத்தனையோ நிரல்கள் வந்திருக்கின்றன. நான் தினமும் திறப்பது எஸ்எல்ஆர்என் (slrn). டின் (tin) என்பதும் நன்றாகவே இருக்கும்.

முதலில், குழுக்களின் பதிவுகளை நமக்கு அனுப்பும் ஒரு செய்தி சர்வரில் கணக்கு வேண்டும். எட்டர்னல் செப்டம்பர் என்ற சர்வர் இலவசமாகவே தருகிறது. கூகுள் குரூப்ஸ் 2024 பிப்ரவரியில் யூஸ்நெட்டைக் கைவிட்டுவிட்டதால் அந்தப் பக்கம் போக வேண்டாம். எஸ்எல்ஆர்என்னை முதல்முறை இயக்கும்போது குழுப் பட்டியல் முழுவதும் இறங்கும், கொஞ்சம் பொறுங்கள்.

அப்புறம் எல்லாமே விசைப்பலகைதான். சி நிரல்மொழிக்கான காம்ப்.லாங்.சி (comp.lang.c) குழுவின் மேல் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டுங்கள். படிக்காத பதிவுகளின் தலைப்புகள் வரும். யார் யாருக்குப் பதில் சொன்னார்கள் என்பது மரக்கிளை போலக் கோடு கோடாக விரியும். மறுபடி தட்டினால் பதிவு திறக்கும், இன்னும் தட்டினால் பக்கம் நகரும், முடிந்ததும் அடுத்த பதிவு. கட்டைவிரல் ஒன்றே போதும்! பதில் எழுத ‘எஃப்’ விசை. உங்களுக்குப் பழகிய எடிட்டரே திறக்கும்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது மதிப்பெண் கோப்பு. பிடித்த எழுத்தாளருக்கு 100 கொடுத்தால் அவர் பதிவு மேலே வரும். விளம்பரம் கொட்டுபவருக்கு -9999 போட்டால் அவர் எழுதியது கண்ணிலேயே படாது. பெரிய ‘கே’ விசையை அழுத்தினால், படித்துக்கொண்டிருக்கும் பதிவிலிருந்தே அந்த விதியைச் சேர்த்துவிடலாம்.