அக்காவைக் கேளுங்கள்: ஆயாவை ஸ்டேக் ஹவுஸுக்குக் கூட்டிப்போகலாமா?

கேள்வி (தென்னாப்பிரிக்கா, டர்பன் சாட்ஸ்வர்த் வாசகி): அக்கா, அடுத்த மாதம் எங்கள் ஆயாவுக்கு, அதாவது பாட்டிக்கு, 80 வயது முடிகிறது. ஸ்பர் மாதிரி ஒரு ஸ்டேக் ஹவுஸில் (மாட்டிறைச்சித் துண்டுகளை வாட்டித் தரும் உணவகத்தில்) குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடலாம், செலவும் கைக்குள் அடங்கும் என்கிறான் தம்பி. ஆயா மாட்டிறைச்சி தொடமாட்டார். அதைவிட, "அதெல்லாம் நமக்கான இடமில்லை" என்று ஒரே பிடியாக நிற்கிறார். வற்புறுத்தலாமா?

பதில்: வற்புறுத்தாதே தங்கச்சி, ஆனால் விட்டும் விடாதே. ஆயா சொல்வதை வெறும் மாட்டிறைச்சிப் பேச்சாக எடுத்துக்கொள்ளாதே. ஸ்பர் கேப்டவுனில் நியூலண்ட்ஸ் பக்கம் தொடங்கியது 1967இல். விம்பி என்ற பர்கர் உணவகம் இந்த நாட்டுக்கு வந்ததும் அதே ஆண்டுதான், அதுவும் நம் டர்பனுக்கு. ஆயாவுக்கு அப்போது இருபது சொச்சம் வயது இருக்கும், தோழிகளோடு டவுனுக்குப் போய் ஆசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற வயது. ஆனால் 1953இல் போட்ட தனி வசதிச் சட்டம் அன்றைக்கு இருந்தது. எந்தப் பெஞ்சில் உட்காரலாம், எந்தக் கடற்கரையில் கால் நனைக்கலாம் என்பதையெல்லாம் தோல் நிறத்தை வைத்து முடிவு செய்தார்கள். 1990இல் அதை ரத்து செய்யும்போது ஆயாவுக்கு நாற்பது தாண்டிவிட்டது. பாதி ஆயுள் கேட்ட சொல்தான் இன்றைக்கு அவர் வாயில் வருகிறது.

சின்ன வயதில் அப்பாவோடு டவுனுக்குப் போனபோது ஒரு உணவகத்துக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் வயதுப் பெண் ஒருத்தி உயரமான கண்ணாடிக் கோப்பையிலிருந்து நீளக் கரண்டியால் ஐஸ்கிரீம் எடுத்துச் சாப்பிட்டதைப் பார்த்து நின்றுவிட்டேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் கையைப் பிடித்துக் கிரே தெருவுக்கு நடத்திக்கொண்டு போய் பன்னி சௌ, அதாவது குடைந்த ரொட்டிக்குள் பீன்ஸ் கறி ஊற்றியது, வாங்கிக் கொடுத்தார். அவ்வளவு ருசி. ஆனாலும் அந்த நீளக் கரண்டி இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதனால் முதலில் ஆயாவிடம் அந்தக் காலத்துக் கதையைக் கேள், சாப்பாட்டுப் பேச்சு அப்புறம். பிறந்தநாளுக்கு முன்னால் ஒரு வாரநாள் பிற்பகல், கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து, நீயும் அவரும் மட்டும் போய் டீயும் டோஸ்ட்டும் சாப்பிட்டு வாருங்கள். இடம் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும். சில கடைகளில் பிறந்தநாள் என்று தெரிந்தால் ஊழியர்கள் கைதட்டிப் பாடிக்கொண்டு மேசையைச் சூழ்ந்துகொள்வார்கள். ஆயா கூச்சப்படுவார் என்றால் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு.

சாப்பாட்டைப் பொறுத்தவரை, கோழி கேட்டாலும் பெரும்பாலும் மாட்டிறைச்சி வேகிற அதே கிரில்லில்தான் போடுவார்கள். தனிச் சட்டியில் செய்து தர முடியுமா என்று ஆர்டருக்கு முன்பே கேட்டுவிடு, கேட்பதில் தப்பே இல்லை. முடியாது என்றால் ஹேக் மீனும் சிப்ஸும் சொல், அது கிரில் பக்கம் போகாமல் எண்ணெயில் பொரிவது. அந்த எண்ணெயில் வேறு என்ன பொரிக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொள்.

கேள்வி (வெருலம் வாசகர்): புரட்டாசி மாதத்தில் ஆபீஸ் விருந்து, இடம் கிரில் ஹவுஸ். வெஜிடபிள் பர்கர் சாப்பிட்டால் விரதம் கெடுமா?

பதில்: வீட்டில் பானை சட்டி வரை மாற்றிவைத்து விரதம் பிடிக்கிறவர் என்றால் அங்கே ஜூஸோடு நிறுத்திக்கொள்வதுதான் நல்லது. அவ்வளவு கண்டிப்பு இல்லையென்றால் பர்கரைவிடச் சாஸைத்தான் கவனிக்க வேண்டும். காளான் சாஸிலும் மிளகு சாஸிலும் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். மங்கிகிளாண்ட் சாஸில் பெயரில் இருக்கிற குரங்கு இல்லை, தக்காளி சாஸ், சட்னி, வெங்காயம், வினிகர்தான், ஆனால் கூடவே ஊஸ்டர் சாஸும் சேர்ப்பது வழக்கம், அதன் பழைய செய்முறையில் நெத்திலி உண்டு. சீஸ்கேக், மூஸ் மாதிரி இனிப்புகளில் ஜெலட்டின் இருக்கலாம், அது விலங்கின் தோலிலும் எலும்பிலும் எடுப்பது. ஃபாயிலில் சுட்ட உருளைக்கிழங்கும் சாலடும் கேட்டால் பெரும்பாலும் பிரச்சினை இருக்காது. சாலடில் பேக்கன் (பன்றி இறைச்சி) தூவ வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ் வாசகி): பில் 800 ரேண்ட் வந்தால் டிப்ஸ் எவ்வளவு வைப்பது? வாட் வரியைத் தனியாகக் கட்ட வேண்டுமா?

பதில்: மெனுவில் போட்டிருக்கும் விலையிலேயே 15 சதவீத வாட் அடங்கிவிட்டது, மேலே எதுவும் கிடையாது. டிப்ஸ் பத்து சதவீதம் வழக்கம், அதாவது 80 ரேண்ட், நன்றாகக் கவனித்திருந்தால் 100 வையுங்கள். பெரிய கூட்டமாகப் போனால் சில கடைகளில் சேவைக் கட்டணத்தை அவர்களே பில்லில் சேர்த்துவிடுவார்கள், கடைசி வரி வரை படித்துவிட்டுப் பணம் எடுங்கள். முடிந்தால் டிப்ஸை ரொக்கமாகவே அந்த வெயிட்டர் கையில் கொடுங்கள். நிறைய பேருக்கு வீட்டுக்குப் போகும் டாக்ஸிக் காசே அதுதான்.