காது மிஷின் விற்பது – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

காது கேளாமை பற்றியும் செவித்துணைக் கருவிகள் பற்றியும் நீங்கள் எழுதிவருவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். செவியியலில் நான்காண்டுப் பட்டப்படிப்பின் கடைசிக் கட்டமான பயிற்சி ஆண்டை முடிக்கப்போகிறேன். இரண்டு இடங்களிலிருந்து வேலைக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஒன்று, பக்கத்து நகரத்தில் உள்ள காது மூக்கு தொண்டை மருத்துவமனை, சம்பளம் குறைவு. மற்றொன்று, செவித்துணைக் கருவி விற்கும் நிறுவனம் ஒன்றின் கிளை. சம்பளம் ஒன்றரை மடங்கு, அதோடு மாதம் இத்தனை கருவி விற்க வேண்டும் என்ற டார்கெட்டும் உண்டு. நேர்காணலில் காதைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. விலை அதிகம் என்று தயங்குபவரை எப்படிச் சம்மதிக்க வைப்பீர்கள் என்றுதான் கேட்டார்கள். "நாலு வருஷம் படிச்சது கடையில மிஷின் விக்கவா?" என்கிறார் அப்பா. எனக்கும் குழப்பமாகவே இருக்கிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., தென்காசி மாவட்டம்

அன்புள்ள எம்.,

உங்கள் அப்பாவின் கேள்வியில் உள்ள ஏளனத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். மிஷின் விற்பதில் இழுக்கு ஏதும் இல்லை. பல ஆண்டுகளாக "எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்று தள்ளிப்போட்டு வந்த ஒருவருக்கு, அவருடைய ஆடியோகிராமை, அதாவது கேட்புச் சோதனை வரைபடத்தை, காட்டிப் பொறுமையாக விளக்கி, பல்லாயிரம் ரூபாய் விலையுள்ள கருவியை வாங்கச் செய்வது அவருக்கு நன்மை செய்வதுதான். என் தயக்கம் வேறு. இத்தொழிலில் கடினமான பகுதி பணம் கைமாறிய பிறகே தொடங்குகிறது. விற்ற எண்ணிக்கையை மட்டும் கணக்கில் வைக்கும் இடம் அந்தப் பகுதிக்கு உங்களுக்கு நேரம் தராது.

வயதால் வரும் செவித்திறன் இழப்பில், உட்காதின் நத்தைச் சுருளில் உள்ள மயிர் செல்கள் அழிகின்றன; அவற்றிலும் உயர் அதிர்வெண்களுக்குரியவையே முதலில் போகின்றன. பேச்சின் ஓசை வலிமையெல்லாம் பெரும்பாலும் உயிரொலிகளில், தாழ்ந்த அதிர்வெண்களில் இருக்கிறது; ஒரு வல்லின மெய்யை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் நுண்ணிய ஒலிகளோ பெரும்பாலும் மேல் அதிர்வெண்களில் இருக்கின்றன. அதனால்தான் "பாட்டு" என்றது "காட்டு" என்று விழுகிறது. "கேக்குது, ஆனா புரியல" என்று பெரியவர்கள் சொல்வதும் அதனால்தான். வீட்டார் குரலை உயர்த்தும்போது உயர்வது அவர் ஏற்கெனவே கேட்டுக்கொண்டிருக்கும் பகுதியே. மேலும், மெல்லிய ஒலியைத் தவறவிடும் அதே காதுக்கு, உரத்த ஒலி நமக்குக் கேட்பதைப் போலவே உரத்துக் கேட்கிறது. "சத்தமாப் பேசு" என்றவர் அடுத்த நொடியே "ஏன் கத்துறே" என்பதை வீட்டில் வீம்பு என்று எடுத்துக்கொள்கிறார்கள். அது காதின் நிலை.

கண்ணாடி போட்டதும் கண் தெரிவதைப் போல மிஷின் போட்டதும் காது கேட்கும் என்று விளம்பரங்கள் சொல்வது எனக்குக் கொஞ்சமும் பிடிப்பதில்லை. கண்ணாடி ஒளியைக் குவித்துக் கொடுக்கிறது, பின்னால் விழித்திரை நலமாக இருக்கிறது. இங்கே பழுதானதோ அந்த விழித்திரைக்கு நிகரான இடம். ஆகவே கருவி எல்லா ஒலியையும் ஒரே அளவில் பெருக்கினால் போதாது. மெல்லியதை அதிகமாகவும் உரத்ததைக் குறைவாகவும், ஒவ்வொரு அதிர்வெண்ணிலும் வெவ்வேறு அளவிலும் பெருக்க வேண்டும்.

கம்பெனி மென்பொருளில் ஆடியோகிராமை ஏற்றி ஒரு பொத்தானை அழுத்தினால், சராசரிக் காது ஒன்றுக்கான கணக்கை அது போட்டுவிடும். பல கடைகளில் பொருத்துதல் அதோடு முடிந்துவிடுகிறது. வருபவரின் காதுக் குழாயோ சராசரியானது அல்ல. அதன் கொள்ளளவும் வளைவும், காதுக்குள் செருகும் மென்மையான முனையான டோம் எவ்வளவு இறுக்கமாக உட்கார்ந்திருக்கிறது என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். மெல்லிய சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செவிப்பறைக்குச் சில மில்லிமீட்டர் முன்புவரை செலுத்தி, உள்ளே உண்மையில் சேரும் ஒலியை அளக்கும்போது, திரையில் அந்தக் காதுக்கு வேண்டிய அளவைக் காட்டும் இலக்குக் கோடும் அளந்த கோடும் 3000 ஹெர்ட்ஸை ஒட்டிப் பிரிந்து நிற்பதைப் பார்ப்பீர்கள். மென்பொருள் எல்லாம் சரி என்று காட்டிக்கொண்டிருக்கும். மெய்யொலிகள் இருக்கும் அந்த இடத்திலோ பெருக்கம் பத்து டெசிபல் குறைந்திருக்கும். அந்த இடைவெளியை மூடுவதற்குத்தான் நீங்கள் படித்தீர்கள்.

இனி இரண்டாம் வருகைக்கு வருகிறேன். கருவி வாங்கிய பெரியவர் இரண்டு வாரம் கழித்து மகனோடு வருகிறார். "தினமும் போடுறேன், ஒண்ணும் பிரயோஜனமில்ல" என்கிறார். இன்றைய டிஜிட்டல் கருவிகள் நாளுக்குச் சராசரியாக எத்தனை மணி நேரம் இயங்கின என்பதைப் பதிந்துவைக்கின்றன. கணினியோடு இணைத்துப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூடத் தேறாது. அதை மகன் முன்னால் படித்துக் காட்டி அவரைக் குற்றவாளியாக்குவது மிக எளிது, அதைச் செய்யாதீர்கள். கருவியை அவர் கையில் கொடுத்து, அவரே போட்டுக் காட்டச் சொல்லுங்கள். மூட்டுவாதம் பிடித்த விரல்களால் டோமை உள்ளே தள்ள முடியாமல் அது காது மடலிலேயே தொற்றிக்கொண்டு நிற்பதையோ, வலது இடது மாறியிருப்பதையோ, குரும்பி உள்ளே போகாமல் தடுக்கும் சிறு வடிகட்டியான வேக்ஸ் கார்டு அடைத்துப்போயிருப்பதையோ அப்போது பார்ப்பீர்கள். வேக்ஸ் கார்டை மாற்ற ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் கிடைக்காமல் பீரோவுக்குள் போன கருவிகள் நம் ஊரில் ஏராளம்.

சிலருக்கு எல்லாம் சரியாகவே இருக்கும். மின்விசிறி இரைச்சலும், சமையலறைப் பாத்திரச் சத்தமும், பீப்பாய்க்குள்ளிருந்து வருவதுபோல ஒலிக்கும் தம் சொந்தக் குரலும்தான் தாங்காது. பல ஆண்டுகள் அந்த ஒலிகள் இல்லாமல் இருந்த மூளை மறுபடியும் பழகச் சில வாரங்கள் ஆகும் என்று வாங்கும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும். வாங்கிய பிறகு சொன்னால் அது சாக்குப்போக்காகவே கேட்கும். சொந்தக் குரல் பிரச்சினைக்குப் பல நேரம் காற்றுத்துளை உள்ள டோமோ, காதின் அச்செடுத்துச் செய்யும் மோல்டோ தீர்வாகும். எல்லாவற்றையும் பழக்கத்தின் தலையில் கட்டிவிடவும் கூடாது.

விற்கக் கூடாத வேளைகளும் உண்டு. இரவு படுத்துக் காலையில் எழுந்தபோது ஒரு காது கேட்கவில்லை என்று வருபவரை அன்றே காது மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாட்கள் கடக்கக் கடக்க ஸ்டீராய்டு சிகிச்சையின் பயன் குறைந்துகொண்டே போகும். காதில் சீழ் வடிபவர், தலைச்சுற்றலோடு வருபவர், இரு காதுகளின் ஆடியோகிராமும் காரணமின்றி வெகுவாக வேறுபடுபவர், மண்டையெலும்பின் வழியாகச் சோதிக்கும் எலும்புவழிக் கேட்பு நன்றாக இருந்து, காதுக் குழாய் வழியான காற்றுவழிக் கேட்பு மட்டும் குறைந்தவர் ஆகியோரையும் மருத்துவர் பார்த்த பிறகே நாம் தொட வேண்டும். ஒரு பக்க இழப்புக்குப் பின்னால் அபூர்வமாகச் செவி நரம்புக் கட்டி ஒளிந்திருக்கும். இப்படி அனுப்பும் ஒவ்வொருவரும் அந்த மாத டார்கெட் கணக்கில் சேராமல் போன ஒரு விற்பனை. டார்கெட் என்ற ஏற்பாட்டில் எனக்குப் பிடிக்காதது இதுதான்: சரியான முடிவை எடுத்ததற்காக உங்கள் சம்பளம் குறைகிறது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு கவுன்சில் சட்டப்படி பதிவு பெற்றவரே இத்தொழிலைச் செய்யலாம். மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஆயிரம் ரூபாயைக் கண்டு இன்று யார் பயப்படுவார்கள் என்பது வேறு விஷயம். உங்கள் பதிவு எண்ணைப் பலகையில் எழுதி வைத்துவிட்டு, பதிவில்லாத ஒருவர் முகாம்களில் சோதனை செய்யும் ஏற்பாட்டுக்கு மட்டும் ஒருபோதும் இடம்கொடுக்காதீர்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இரு காதுகளிலும் 60 டெசிபலோ அதற்கு மேலோ உள்ள இழப்பையே குறைபாடாகக் கொள்கிறது. உங்கள் முன் வந்து உட்காரப்போகும் முதியவர்களில் பலர் 45, 50 டெசிபலில் இருப்பார்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான அரசு இலவசக் கருவிக்கு அவர்கள் தகுதி பெற மாட்டார்கள்; பெரும்பாலும் ஓய்வூதியத்திலிருந்தோ மகளின் நகையிலிருந்தோ பணம் வரும். அவர்களிடம் ஆக உயர்ந்த மாடலைத் தள்ளிவிடாதீர்கள். பெரும்பாலும் வீட்டிலேயே இருந்து மூன்று பேரோடு பேசுகிற ஒருவருக்கு, கூட்டத்திற்குள் இரைச்சலைப் பிரித்தெடுக்கும் நுட்பத்தால் கிடைக்கும் கூடுதல் பயன் மிகக் குறைவு. நடுத்தர விலைக் கருவியை ஒழுங்காக அளந்து பொருத்தினாலே அவருக்குப் போதும்.

எந்த வேலை என்று கேட்டால், என் சாய்வு மருத்துவமனைப் பக்கமே. அங்கே தொழில் தூய்மையாக இருக்கும் என்பதற்காக அல்ல. புறநோயாளிகள் வரிசையில் ஒருவருக்குப் பத்து நிமிடம்கூடக் கிடைக்காமல் போகலாம். ஆனால் நோயுள்ள காதுகளைத் தொடக்கத்திலேயே நிறையப் பார்ப்பீர்கள். பஞ்சுத் தடுப்பை நூலோடு உள்ளே வைத்து மோல்டுக்கு அச்சு எடுக்கக் கை பழகும். எவரை அனுப்ப வேண்டும், எவரை வைத்துக்கொள்ளலாம் என்பது கண்ணுக்குப் பிடிபடும். சம்பளம் உங்கள் வீட்டுக்கு இன்றியமையாதது என்றால் கிளை வேலையை மறுக்கச் சொல்ல மாட்டேன். கையெழுத்துப் போடுமுன், காதுக்குள் ஒலியை அளக்கும் கருவி அங்கே இருக்கிறதா, இருந்தால் கடைசியாக எப்போது பயன்படுத்தினார்கள் என்று கேளுங்கள். ஒரு நாள் முழுக்க அங்கே உட்கார்ந்து பார்க்க அனுமதியும் கேளுங்கள். முன்பு வாங்கியவர்கள் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள், வந்தவர்களை அறைக்குள் அழைத்து உட்கார வைக்கிறார்களா, அல்லது பேட்டரி அட்டையைக் கையில் கொடுத்து வாசலோடு அனுப்பிவிடுகிறார்களா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.