கசிவும் கணக்கும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். கட்டுப்பாடு பற்றிச் சென்ற மாதம் நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். "கட்டுப்படுத்த நினைப்பவர் எவரும் உள்ளூர அஞ்சுகிறவரே" என்று அதில் எழுதியிருந்தீர்கள். அந்த வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை.

எனக்கு வயது 54. கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் மஞ்சளும் கரும்பும் வைத்திருக்கிறேன். என் தகப்பனார் மிகவும் கண்டிப்பானவர். இருட்டுவதற்குள் வீடு திரும்பாவிட்டால் அன்று சோறு கிடையாது. அந்தக் கண்டிப்பினால்தான் நாங்கள் மூன்று பேரும் தலையெடுத்தோம். இன்று எங்கள் தோட்டத்து வீடான சாளையில் நான்கு கேமராக்கள் வைத்திருக்கிறேன். கோவையில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகள் எந்த இடத்தில் இருக்கிறாள் என்பதைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்கிறேன். அரசாங்கம் கட்டுப்படுத்துகிறது, கைப்பேசி கட்டுப்படுத்துகிறது, கோயிலும் சாமியும் கட்டுப்படுத்துகின்றன. எல்லாமே தவறு என்றால் மிச்சம் என்ன இருக்கும்? மதகை அவரவர் இஷ்டத்துக்குத் திறந்துகொண்டால் எங்கள் வாய்க்கால் ஒரு நாள் ஓடுமா?

போன வாரம் மகள் என்னிடம், "என்னைப் பாத்துக்கிட்டே இருக்கறது தப்புங்கப்பா" என்றாள். உங்கள் கட்டுரையை எனக்கு அனுப்பியவளும் அவள்தான். ஆகவே உங்களையே கேட்கிறேன், நான் என்ன செய்யலாம்?

கே. எஸ்., கவுந்தப்பாடி

அன்புள்ள கே. எஸ்.,

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் எடுத்துக்காட்டிய வரி, படிக்க நன்றாக இருக்கும் என்பதற்காக எழுதப்பட்டது. பாதி உண்மையைத்தான் அது தாங்கும். அச்சத்தால் அல்லாமல், பங்கு நேராக இருக்க வேண்டும் என்பதற்காகவே ஏற்பட்ட கட்டுப்பாடுகள் உண்டு என்பதற்கு உங்கள் வாய்க்காலே சாட்சி.

உங்களுக்குத் தெரிந்ததை மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். 1955இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் கீழ்பவானி வாய்க்கால், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி 2,07,000 ஏக்கர் நிலத்துக்குத் தண்ணீர் தர வேண்டும். அத்தனைக்கும் ஒரே சமயத்தில் கொடுக்க நீர் போதாது. ஆகையால் பாசனம் பெறும் நிலமான ஆயக்கட்டை ஒற்றைப்படை மதகுகள், இரட்டைப்படை மதகுகள் என்று இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நெல்லுக்கும் மறுபாதிக்குக் கடலை, எள் போன்ற புஞ்சைப் பயிருக்கும் தண்ணீர் விடுகிறார்கள். அடுத்த ஆண்டு முறை மாறும். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தது, மதகு அடைபட்டிருக்கும் உழவருக்குத் தம் முறை எப்போது வரும் என்பதும், பக்கத்து மதகுக்கு எவ்வளவு போகிறது என்பதும் தெரியும் என்பதே. மதகை ஏற்றி இறக்கும் லஸ்கருக்கு அங்கே சொந்த வயல் இருந்தாலும் அவருக்கும் அதே முறைதான். நள்ளிரவில் ஷட்டரைத் தூக்கிவிட்ட கதைகள் உங்கள் பக்கத்திலும் இருக்கும், எங்கள் பக்கத்திலும் உண்டு. அதனால் முறை பொய்யாகிவிடாது. அதைத் திருட்டு என்று பெயரிட்டுச் சொல்ல முடிவதே முறை ஒன்று இருப்பதால்தான்.

நான் வெள்ளக்கோவில் பக்கத்துக்காரன், பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத்தின் கடைமடை. நான்கு மண்டலங்களில் எங்களுடையதன் முறை வரும்வரை காத்திருந்து, வந்தபின் மேலே இருப்பவர்கள் எடுத்தது போக மிச்சம் வருவதைப் பார்த்து வளர்ந்தவன். ஆகவே கசிவு என்ற சொல்லைக் கேட்டால் கடைமடைக்காரனுக்கு வரும் எரிச்சல் எனக்கும் உண்டு. உங்கள் வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போட வேண்டும் என்று கடைமடையினரும், போடவே கூடாது என்று வாய்க்காலின் அருகில் கிணறு வைத்திருப்பவர்களும் சில ஆண்டுகளாக வழக்காடி வருவதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள். மண் வாய்க்காலில் கரை வழியே இறங்கும் நீர் பொறியாளரின் கணக்கில் இழப்பு. அதே நீர்தான் கிணற்றில் ஊற்றாகி, எந்த மதகின் பட்டியலிலும் இல்லாத தென்னைகளையும், ஊர்க் குடிநீரையும் காப்பாற்றி வருகிறது. இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. எனக்கு இதில் உறைத்தது வேறொன்று: எந்தக் கட்டுப்பாடும் ஒரு கணக்கேடு வைத்திருக்கிறது, அந்த ஏட்டில் இழப்பு என்று எழுதப்படும் பத்தியில் யாரோ சிலர் குடியிருக்கிறார்கள். அவர்கள் யார் என்று பார்க்காமல் தளம் போடக் கூடாது என்பதுதான் நான் சொல்ல நினைத்தது. சென்ற மாதம் அதைச் சரியாகச் சொல்லவில்லை.

என் அப்புச்சியும், அதாவது அம்மாவின் அப்பாவும், உங்கள் தகப்பனாரைப் போன்றவர்தான். பெட்டிச் சாவி எப்போதும் அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். புகையிலை விற்ற பணம், கடலை விற்ற பணம் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் போகும்; உப்பு வாங்குவதென்றாலும் அவர் மனைவியான அமுச்சி அவரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனால் வரப்போரத்து ஆமணக்குச் செடிகளில் பொறுக்கி எடுத்த கொட்டமுத்து, கோழி முட்டை, வெண்ணெய் ஆகியவற்றை விற்ற காசு அந்தக் கணக்கில் ஏறாது. அந்தச் சிறுவாட்டுக் காசு அடுக்குப்பானையில் மேலிருந்து மூன்றாவது பானைக்குள், தவசத்துக்கு அடியில் இருக்கும். பெண் பிள்ளைக்கு எட்டாம் வகுப்பு போதும் என்று அப்புச்சி முடிவு செய்த பிறகும் என் அம்மா பள்ளியிறுதித் தேர்வு வரைக்கும் போனது அந்தப் பானையால்தான். அப்புச்சிக்கு அது தெரியாமல் இருந்திருக்க முடியாது. நாலணாவுக்குக் கணக்குக் கேட்ட மனிதர், பள்ளிக்கூடத்துக்குக் கட்டிய பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு முறைகூடக் கேட்கவில்லை. தம் வீட்டின் சமையலறைக்குள் ஆயுள் முழுவதும் அவர் அடுக்குப்பானையைத் தொட்டதும் இல்லை. உங்கள் தகப்பனார் சோறில்லை என்று சொன்ன இரவுகளில், பின்கட்டில் யாராவது உங்களுக்கு ஒரு கிண்ணம் வைத்திருந்தார்களா என்று யோசித்துப் பாருங்கள். வைத்திருந்தார்கள் என்றால், உங்களை ஆளாக்கியதில் கண்டிப்புக்கும் அந்தக் கிண்ணத்துக்கும் எந்த விகிதத்தில் பங்கு என்று என்னால் சொல்ல முடியாது, உங்களாலும் முடியாது.

2016 நவம்பர் 8 இரவு, 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. கறுப்புப் பணத்தைப் பிடிப்பதற்கு என்றார்கள். நான்கு நாட்கள் கழித்து என் அம்மா, பழைய பட்டுப் புடவை ஒன்றின் மடிப்புக்குள்ளிருந்து 23,500 ரூபாயை எடுத்துக் கூடத்தில் எல்லார் முன்னிலையிலும் வைத்தார். "எங்கிட்டக் கேட்டிருந்தாக் குடுத்திருக்க மாட்டனா?" என்றார் அப்பா. அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை. பணம் வங்கியில் மாறியது, ஒரு ரூபாய் குறையவில்லை. ஆனாலும் அம்மா அழுதார். செல்லாமல் போனது தாள் அல்ல, அந்த மடிப்பு. செல்லாதென்று அறிவிக்கப்பட்ட பணத்தில் 99 விழுக்காட்டுக்கு மேல் வங்கிகளுக்குத் திரும்பிவிட்டதாக ரிசர்வ் வங்கியே பின்னர் கணக்குச் சொன்னது. பிடிக்க வந்தது எதுவோ அது பெரும்பாலும் பிடிபடவில்லை. பிடிபட்டவை புடவை மடிப்புகள். இன்றைக்கு மடிப்பைத் தேடவும் தேவையில்லை. கூகுள் பேயில் பூ வாங்கினாலும் பல வங்கிகளில் கணக்கோடு இணைத்த எண்ணுக்குக் குறுஞ்செய்தி போய்விடுகிறது. நம் பக்கத்துப் பல வீடுகளில் அந்த எண் கணவருடையது.

இங்கே நீங்கள் ஒரு மறுப்பை எழுப்பலாம், நியாயமானதும்கூட. கசிவெல்லாம் நல்லதா? இல்லை. சேலம் மாவட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நாமக்கல்லும் திருச்செங்கோடும் அதற்குள் இருந்த காலத்தில், 1937 அக்டோபர் 1 அன்று, இராஜாஜியின் அமைச்சரவை அங்கே மதுவிலக்கைக் கொண்டுவந்தது. இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் பொது விற்பனை வரிச் சட்டம் வந்தது. பிற்காலத்தில் மது திரும்பிவிட்டது, வரியும் போகவில்லை. 2003 முதல் மதுவின் சில்லறை விற்பனை முழுவதும் அரசின் கையில் இருக்கிறது. குடிமகனின் நாவைக் காக்கப் புறப்பட்ட அரசு கல்லாவைக் காப்பதில் வந்து நின்ற இந்தக் கதையில், தம் தோப்பில் தம் மரத்திலிருந்து கள் இறக்க உரிமை கேட்கும் கொங்கு உழவரின் குரல் மட்டும் பல ஆண்டுகளாக அப்படியே இருக்கிறது. மறுபுறம், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவும் ஒரு கசிவுதான். ஆகவே கசிவைப் போற்றிப் பாட எனக்கு உத்தேசமில்லை. அடைப்பதற்கு முன் பார்க்க வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சாமியைப் பற்றி நீங்கள் ஒரே சொல்லில் கடந்துவிட்டீர்கள். எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பியில் கம்பம் நட்டுக் காப்புக் கட்டிவிட்டால் யாரும் வெளியூரில் இரவு தங்கக் கூடாது. கடுமையான கட்டுதான், ஆனால் காப்பு அவிழ்க்கும் நாள் கட்டும்போதே தெரியும். அந்த நாட்களில்தான், மாமியார் முன்னால் வாய் திறக்காத மருமகளுக்கு அருள் வரும். ஊர்ப் பெரியவர்களைப் பேர் சொல்லி அழைத்து, வாடா போடா என்று பேசி, ஆண்டு முழுவதும் சொல்ல முடியாததைச் சொல்லிவிடுவாள். பெரியவர்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கேட்பார்கள். அது நிஜமா, நடிப்பா என்று கேட்பவரை நான் அறிவாளி என்று எண்ணுவதில்லை. காங்கயத்துக்கு அருகே சிவன்மலையில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறதே, அதிலும் எனக்குப் பிடித்த பகுதி, உத்தரவு யாரோ ஒரு பக்தரின் கனவில் வருகிறது என்பதுதான். பூக் கேட்டு உறுதி செய்தபின் அவர் சொன்ன பொருளைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். அடுத்த கனவு வரும்வரை அது அங்கே இருக்கும். அந்தக் கனவு யாருக்கு வரும் என்பது கோயில் நிர்வாகத்துக்கும் தெரியாது. (பெட்டியில் மஞ்சள் வைத்தால் மஞ்சள் விலை ஏறுமா இறங்குமா என்று பேசிக்கொள்வது தனிக் கதை, உங்களுக்குத் தெரியாததா!)

இனி உங்கள் மகள். காங்கயம் பக்கத்து மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைப் பார்த்திருப்பீர்கள். நாற்புறமும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம், போகவர ஒரு படல். மாட்டை உள்ளே விட்டுப் படலைச் சாத்தினால் பிறகு மேய்ப்பவர் தேவையில்லை. வேலி உறுதியாக இருப்பதனாலேயே மாட்டின் பின்னால் கண் போவதில்லை. உங்கள் தகப்பனாரின் கண்டிப்பு அந்த வகை. இருட்டுவதற்குள் வர வேண்டும் என்பது வேலி. அதற்கு முன் நீங்கள் எந்த வாய்க்காலில் குதித்தீர்கள் என்று அவருக்குத் தெரியாது. உங்கள் கைப்பேசி செய்வது நேர் எதிரானது. வேலி எங்கே என்று மகளுக்குச் சொல்லாமல், எங்கு போனாலும் கூடவே வரும் கண்ணை அனுப்பியிருக்கிறீர்கள். தகப்பனார் வழியைப் பின்பற்றுவதாக நீங்கள் நினைக்கிறீர்கள். அவர் ஒருபோதும் செய்யாத ஒன்றைச் செய்கிறீர்கள்.

பாதுகாப்புக்காக என்று சொல்வீர்கள். அந்தக் கவலையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில், சாதி மாறி மணந்த ஓர் இளைஞர் பட்டப்பகலில் நடுச் சாலையில் வெட்டிக் கொல்லப்பட்டபோது அங்கேயும் கேமரா இருந்தது. முழுவதையும் பதிவு செய்தது. பெண்ணின் விருப்பம் தன் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்று சாதி நினைத்ததன் கடைக்கோடி அது. உங்களை அதோடு சேர்த்து எண்ணுவதாகத் தயவுசெய்து கொள்ள வேண்டாம். கேமராவுக்குக் காணத் தெரியும், குறுக்கே போய் விழத் தெரியாது என்பதற்காகச் சொன்னேன். 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அரசாங்கம் எட்டிப் பார்த்தால் அதைக் காட்டி வழக்காடலாம். தகப்பன் எட்டிப் பார்த்தால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது? உங்களிடமே வந்து, "தப்புங்கப்பா" என்று சொல்ல வேண்டியதுதான். அதை உங்கள் மகள் செய்திருக்கிறார்.

என்ன செய்யலாம் என்று கேட்டதால் சொல்கிறேன். முதலில் ஒரு மாதத்துக்கு, நீங்கள் இருக்கும் இடம் அவருடைய கைப்பேசியில் தெரியும்படி வையுங்கள். மஞ்சள் மண்டிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நீங்கள் எங்கெல்லாம் போகிறீர்கள் என்று அவரும் பார்க்கட்டும். லஸ்கருக்கும் அதே முறை என்றேனே, அதுதான். அந்த மாதம் முடிந்ததும் இருவரும் அணைத்துவிடுங்கள். எத்தனை மணிக்குள் விடுதிக்குத் திரும்ப வேண்டும், எந்த நேரத்தில் அழைத்துப் பேச வேண்டும் என்பதை உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள், அது வேலி. அதற்கு உள்ளே நடப்பதில் சிலவற்றை அவர் உங்களிடம் சொல்ல மாட்டார். என் அப்புச்சியின் வேலை அங்கேதான் தொடங்கும்.

இதில் ஒரு குறை இருக்கிறது. நடந்ததை உங்கள் வாயால் மட்டுமே கேட்டுக்கொண்டு பதில் எழுதியிருக்கிறேன். உங்கள் மகளும் எனக்கு எழுதினால் பெயரும் ஊரும் இல்லாமல் இதே இடத்தில் வெளியிடுவேன். எழுதுவதானால், உங்களிடம் காட்டாமலே அனுப்பலாம் என்று அவரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள்.